முசலிந்தனுக்குப் பட்ட கடன்



பகவான் புத்தர் மெய்யுணர்வு எய்திய பின்னர்ச் சில வாரங்கள் போதி மரத்தின் அண்மையிலேயே தங்கியிருந்தார். அந்நாட்களில் ஒருமுறை பருவமல்லாத பருவத்தில் பெருமேகம் திரண்டது. ஏழு நாள் மழை ஓயவில்லை, குளிர்காற்றும் ஓயவில்லை. அப்பொழுது முசலிந்தன் என்னும் நாகராசன் தன் இருப்பிடம் விட்டு வெளிப்போந்து, பகவானின் திருமேனியைத் தன் உடலால் ஏழு சுற்றாகச் சுற்றி, அவர் தலைக்குமேல் படத்தைக் குடையாக விரித்து நின்றான். மழை வெறித்து வானம் தெளிந்ததும் சுற்றை அவிழ்த்து வணங்கினான். வினய நூல் கூறும் இவ்வரலாறு நமக்குப் புதியதன்று. அமராவதித் தூபியின் சிற்பங்களிலும் நாகங்கள் தூபியைக் காத்து நிற்கின்றன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றோர் அவற்றைக் கண்டிருப்பர்.

இவ்வரலாற்றில் நாம் கவனியாது விடும் செய்தி ஒன்று உண்டு. முசலிந்தன் பகவானுக்குப் பொன் கொடுக்கவில்லை, பூச் சொரியவில்லை, புகழ் பாடவில்லை. குளிர், ஈரம், வாடைக்காற்று என்னும் மூன்றிலிருந்தும் ஓர் உடலைக் காத்தான். அவ்வளவே அவன் செய்த தொண்டு. இம்மூன்றையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இவ்வுரையின் முடிவுவரை இவை நமக்கு வேண்டும்.

எழுந்த வினா

சித்தூரில் நம் அன்பர் ஒருவர் இல்லத்தில் கூடிய பௌர்ணமிக் கூட்டத்தில், கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். அவர் வீட்டில் ஒரு பாம்பை வளர்க்கிறார். ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதிப் புல்வெளிகளுக்கு உரிய சிறு மலைப்பாம்பு அது, நஞ்சில்லாதது. அச்சமுற்றால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் இயல்பினால் அதைக் கடைக்காரர்கள் பால் பைத்தான் என்று வழங்குகிறார்கள். இங்கே பால் என்பது பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பசுவின் பால் அன்று. இவ்வேறுபாடு பின்னர் நமக்கு வேண்டியதாகும்.

அப்பாம்பு மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இரை எடுக்கவில்லை. வாயைத் திறந்துவைத்து மூச்சு விடுகிறது. நாசித்துளையில் நுரைக் குமிழ் தோன்றுகிறது. மூச்சு விடும்போது சீழ்க்கை போன்ற ஒலி எழுகிறது. தலையை மேல்நோக்கித் தூக்கியே வைத்திருக்கிறது. வீட்டில் மூவர் மூன்று விதமாகப் பேசினர். பாட்டியார், “புற்றுக்குப் பால் வார்த்தால் தீரும்” என்றார். மாமனார், “சேஷாசலக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடு, தொல்லை ஒழியும்” என்றார். தந்தையாரோ, “அது அதன் கன்மம், நீ ஏன் குறுக்கிடுகிறாய்?” என்றார். “ஐயா, பௌத்தன் என்ன செய்யவேண்டும்?” என்பது இளைஞரின் கேள்வி.

கூட்டத்தில் சிலர் சிரித்தனர். பாம்புக்குச் சளி பிடித்ததற்கு ஒரு தன்ம விசாரணையா என்பது அவர்கள் எண்ணம். ஆயினும் நான் சிரிக்கவில்லை. மூவர் கூறிய மூன்று விடைகளும் நம் இல்லங்களில் மனிதரின் நோய்க்கும் கூறப்படுகின்றன அல்லவா? குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஒருவர் நேர்த்திக்கடன் என்பார். முதியவர் படுத்துவிட்டால் ஒருவர் எங்கேனும் சேர்த்துவிடலாம் என்பார். ஏழை நோயுற்றால் ஒருவர் தலைவிதி என்பார். ஆகையால் பாம்பை முன்னிட்டு எழுந்த இவ்வினா நம் அனைவரையும் பற்றியது.

கன்மம் என்னும் சாக்கு

முதலில் தந்தையார் விடையை நோக்குவோம். பௌத்தர் வாயில் கன்மம் என்னும் சொல் எளிதாக வந்துவிடுகிறது. மோலிய சிவகன் என்னும் பரிவிராசகன் இதே ஐயத்தைப் பகவானிடம் கேட்டான். மனிதர் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்வினையின் பயனே என்று சிலர் கூறுகின்றனரே, அது மெய்யா என்றான். பகவான் அதை ஒப்பவில்லை. பித்தத்தால் வரும் நோய் உண்டு, கோழையால் வருவது உண்டு, வாதத்தால் வருவது உண்டு, மூன்றும் கூடி வருவது உண்டு, பருவ மாறுதலால் வருவது உண்டு, முறைகேடான பேணுதலால் வருவது உண்டு, திடீர்த் தாக்குதலால் வருவது உண்டு, வினைப்பயனாக வருவதும் உண்டு என்று எட்டுக் காரணங்களை எடுத்துரைத்தார். எட்டில் ஒன்றே கன்மம். எல்லாவற்றையும் அதன் தலையில் சுமத்துவோர் உலகமும் அறிந்த உண்மையை மீறிச் செல்வோர் என்பது அவர் கருத்து.

இப்பாம்பின் நோயை இவ்வெட்டில் எதில் வைப்பது? பாம்பு தன் உடலின் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணி. சூழ்ந்துள்ள வெப்பமே அதன் வெப்பம். அது குறைந்தால் செரிமானம் குறையும். கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் குறையும். சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழைத் திங்கள்களில் சிமெண்டுத் தரை குளிர்ந்து கிடக்கும். சுவர் ஈரம் கோக்கும். புல்வெளிப் பாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்து, வெப்பம் தருவதற்கு ஏற்பாடின்றி, அழுக்கு ஈரத்தில் வைத்தால் சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நுரையீரலில் பெருகுகின்றன. சிலவேளை வாய்ப்புண்ணிலிருந்து தொற்று இறங்கும். சிலவேளை மலைப்பாம்புகளைத் தாக்கும் வைரஸ் காரணமாகும். சிலவேளை நுரையீரற் புழுக்கள் காரணமாகும். பருவ மாறுதலும் முறைகேடான பேணுதலும் பகவான் பட்டியலில் இருக்கின்றனவே! காரணம் கண்முன் இருக்க, கன்மத்தைத் தேடிப் போவது கடமையிலிருந்து தப்பும் வழியேயன்றி வேறன்று.

பால் வார்த்தல்

இனிப் பாட்டியார் விடை. அவர் அன்பினால் சொன்னார் என்பதில் ஐயமில்லை. ஆந்திர நாட்டில் தீபாவளி கழிந்த நான்காம் நாள் நாகுல சவிதி. அன்று பெண்மக்கள் புற்றுக்குப் பால் வார்க்கின்றனர், முட்டையும் வைக்கின்றனர். திருமலையில் அன்று பெரிய சேஷ வாகனம் புறப்படுகிறது. மலைக்கே சேஷன் பெயர். அருகிலுள்ள காளத்தியோ வாயுத்தலம் எனப்படுவது; சிலந்தி, பாம்பு, யானை என்னும் மூன்றின் பெயரால் வழங்குவது. காற்றுக்குக் கோயிலும் பாம்புக்குப் பூசையும் உள்ள இந்நாட்டில், பாம்பின் மூச்சைக் கெடுப்பதே அதற்குச் செய்யும் வழிபாடாகிவிட்டது என்பதுதான் துயரம்.

எவ்வாறு என்று கேளுங்கள். பால் குட்டிக்குப் பாலூட்டும் பிராணிகளின் உணவு. பாம்புக்கு அது இயற்கையுணவு அன்று. அதைச் செரிக்கவும் அதன் குடல் அமைந்ததன்று. விழாநாளில் கூடையில் வரும் நாகம் பால் குடிக்கிறதே என்பீர்கள். பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்த உயிர், முன்னே நீட்டிய எந்த நீர்மத்தையும் குடிக்கும். பாம்பின் மூச்சுக்குழலின் வாய் அதன் கீழ்த்தாடையின் நடுவிலே, நாக்கின் உறைக்கு அருகே திறந்திருக்கிறது. வாயைப் பிடித்துப் பாலைப் புகட்டும்போது அது எளிதில் அக்குழலுக்குள் இறங்கிவிடுகிறது. நுரையீரலில் தங்கிய பால் கிருமிக்கு விருந்தாகிறது. பிறகு வருவது சித்தூர் இளைஞரின் பாம்புக்கு வந்த அதே நோய். பல்லைப் பிடுங்கியதால் சீழ் கொண்ட வாயோடு இருக்கும் நாகத்துக்கு அது இன்னும் விரைவாக வரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் நாகத்தைப் பிடித்துக் காட்டுதல் குற்றமாயிற்று. அத்தொழிலை விட்ட ஏழை மக்களை நாம் ஏசவேண்டுவதில்லை. கூடைக்கு முன் காசு போட்ட கைகள் இல்லாவிடில் கூடை எழுந்திராது.

நம் வழக்கில் “பாம்புக்குப் பால் வார்த்தது போல” என்று ஒரு சொல்லடை உண்டு. நன்றி கெட்டவனுக்கு உதவி செய்தால் அவன் தீங்கே திருப்பிச் செய்வான் என்பது அதன் பொருள். சொல்லடை பாம்பைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. உண்மையில் பாலைப் பெற்றுச் சாவது பாம்பு. பால் வார்த்தவனுக்குக் கேடில்லை. அறிவில்லாத அன்பு எத்தன்மையது என்பதற்கு இதனினும் தெளிந்த உவமை வேண்டுமோ? பாட்டியாரின் கிண்ணத்தில் இருந்தது அன்பே. அது இறங்கிய இடம்தான் தவறு.

காட்டில் விடுதல்

மாமனார் கூறியது விடுதலைபோல் தோன்றும். பிடித்து அடைத்ததை அவிழ்த்துவிடுதல் புண்ணியமல்லவா என்பீர்கள். நம் நாட்டுப் பாம்பாயின் அது மெய்தான். நாகமோ, சாரையோ, நம் நாட்டு மலைப்பாம்போ வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடந்தராது. அவை வீட்டுக்குள் புகுந்தாலும், அடிபட்டுக் கிடந்தாலும், வனத்துறையினருக்கு அறிவித்து ஒப்படைப்பதே முறை. அயல்நாட்டுப் பாம்பின் நிலை வேறு. சேஷாசல மலை 2010ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே அதற்கென்றே உரிய உயிர்கள் வாழ்கின்றன. நோய்கொண்ட ஆப்பிரிக்கப் பாம்பை அங்கே விடுதல், ஒன்று அதைச் சாகவிடுவது. அன்றி அதன் நோயை அக்காட்டுப் பாம்புகளுக்குக் கொடுப்பது. கண்ணுக்கு மறைந்தது துன்பம் நீங்கியதாகாது. பெற்றோரைத் தொலைதூரத்து யாத்திரைத் தலத்தில் விட்டுவிட்டு வருபவன் அவர்களுக்கு விடுதலை கொடுத்தான் என்று யாரும் சொல்வதில்லை.

செவிலியின் ஐந்து பண்புகள்

மூன்று விடைகளும் தள்ளப்பட்டன. இனிச் செய்யவேண்டுவது யாது? வினய நூலின் மகாவக்கத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. பிக்கு ஒருவர் வயிற்றுப்போக்கால் நலிந்து தம் கழிவிலேயே கிடந்தார். அவர் பிறருக்குப் பணி செய்யாதவர் என்று உடன்பிக்குகள் அவரைக் கவனியாது விட்டனர். பகவான் அங்கே வந்தார். ஆனந்தரை நீர் கொணரச் செய்தார். பகவானே நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். பகவான் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்துக் கட்டிலில் ஏற்றினர். பின்னர், தமக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் நோயாளிக்குத் தொண்டு செய்க என்னும் கருத்தை அருளி, நல்ல செவிலிக்கு வேண்டிய ஐந்து பண்புகளையும் வகுத்துரைத்தார். பிக்குவுக்குச் சொன்ன அவ்வைந்தும் பாம்புக்கும் பொருந்துவதைப் பாருங்கள்.

முதலாவது, மருந்தை அமைக்கும் திறமை. நாம் மருத்துவர் அல்லர்; ஆகையால் நம் திறமை மருத்துவரிடம் காலத்தே கொண்டுசெல்வதில் இருக்கிறது. பாம்பைத் துணிப்பையில் இட்டு, துளையுள்ள பெட்டியில் வைத்து, குளிர்காற்றுப் படாமல் எடுத்துச் செல்லவேண்டும். மாட்டு வைத்தியர் எல்லாரும் பாம்பைப் பார்த்துப் பழகியவர் அல்லர். திருப்பதியில் 1955ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே விசாரித்து, ஊர்வன பார்க்கும் மருத்துவரை அறிந்து செல்லுதல் நலம். மருத்துவர் மூச்சுக்குழலிலிருந்து சளியைக் கழுவி எடுத்து, எக்கிருமி என்று சோதிப்பார். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். ஊசிமருந்தைப் பாம்பின் உடலில் முன்பாதியிலே செலுத்துவர். பின்பாதியின் இரத்தம் சிறுநீரகத்தின் வழியாகச் செல்லக்கூடுமாதலால் அங்கே செலுத்தத் தயங்குவர். பாம்பின் உடலிலிருந்து மருந்து மெதுவாகவே வெளியேறும். ஆதலால் செஃப்டாசிடைம் போன்ற மருந்தை மூன்று நாளுக்கு ஒருமுறை செலுத்தினாலே போதும் என்பர். மருத்துவம் வாரக்கணக்கில் நீளும். இரண்டாவது ஊசியில் மூச்சு சற்றே தெளிந்தது கண்டு, மூன்றாவதற்குச் செல்லாமல் நிற்பவன் மருந்தை அமைக்க வல்லவன் ஆகான்.

இங்கே நான் அறிந்த ஒன்றைச் சொல்லவேண்டும். நான் பல ஆண்டுகள் நூற்பாலையில் உழைத்தவன். புளோரூமிலும் கார்டிங்கிலும் நின்றவர்கள் பஞ்சுத் தூசியால் நெஞ்சு இறுகி, விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல்நாள் மூச்சுக்குப் போராடுவதை அருகிருந்து கண்டிருக்கிறேன். ஆயினும் அவர்களால் இருமமுடிந்தது. இருமிக் கோழையை வெளியேற்றும்போது சிறிது ஆறுதல் கிடைத்தது. பாம்புக்கு அந்த ஆறுதலும் இல்லை. நெஞ்சையும் வயிற்றையும் பிரித்து நின்று இருமலுக்கு வலிமை தரும் உதரவிதானம் அதற்கு இல்லை. விலா எலும்புகளை அசைத்தே மூச்சு வாங்கவேண்டும். பெரும்பாலான பாம்புகளுக்கு வலப்புற நுரையீரல் ஒன்றே நீண்டு கிடக்கிறது. மலைப்பாம்புக்கு இரண்டு உண்டெனினும் இடப்புறம் சிறியது. நீண்ட அப்பையின் அடியில் தேங்கிய சளி மேலே ஏற வழியில்லை. அதனால்தான் அது தலையைத் தூக்கி வைக்கிறது. வானத்தை நோக்கி அது எதையும் வேண்டவில்லை. காற்றுக்கு வழி தேடுகிறது. கத்தவும் அதற்குக் குரல் இல்லை. குரலில்லாதவன் படும் துன்பத்தைக் கண்ணால் கேட்பவனே கருணையுடையவன்.

இரண்டாவது பண்பு, ஏற்றது இது, ஏலாதது இது என்று அறிந்து, ஏற்றதைக் கொடுத்து ஏலாததை நீக்குதல். இதுவே ஐந்திலும் பெரிது. ஏற்றது வெப்பம். பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸும், மறுபக்கம் அதனினும் சில பாகை குறைவும் இருக்கவேண்டும். வேண்டிய பக்கம் ஊர்ந்து செல்லப் பாம்புக்கே உரிமை கொடுக்கவேண்டும். இரவிலும் வெப்பம் குன்றலாகாது. கையால் தொட்டுப் பார்த்து மதிப்பிடாமல் வெப்பமானி வைக்கவேண்டும். சூடு மிகாமல் காக்கும் கருவியும் பொருத்தவேண்டும். விளக்கோ, சூடேற்றும் தட்டோ உடலில் நேரே படுமானால் பாம்பு விலகாமல் கிடந்தே வெந்துபோகும். ஈரம் தேங்குதல் ஆகாது. முற்றிலும் வறட்சியும் ஆகாது. மத்திம மார்க்கம் இங்கேயும் உண்டு. தென்னைநாரும் மரத்தூளும் நீக்கிப் பழைய செய்தித்தாளை விரித்தால் அழுக்கு உடனே தெரியும், மாற்றுவதும் எளிது. தூய குடிநீர் எந்நேரமும் இருக்கவேண்டும். வேறு பாம்பு இருப்பின் தனியே பிரிக்கவேண்டும்.

ஏலாதவற்றையும் கேளுங்கள். சாம்பிராணிப் புகை, ஊதுவத்தி, கற்பூரம், கொசுவர்த்திச் சுருள், அந்துருண்டை ஆகியவற்றை நோயுற்ற பாம்பு இருக்கும் அறையில் வைத்தலாகாது. நல்ல மணம் என்று நாம் கருதுவது புண்பட்ட நுரையீரலுக்குப் புகையே. மனிதருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையில் பாதியைக் கரைத்துப் புகட்டலாகாது. தைலம் தடவலாகாது. இரை எடுக்காததைக் கண்டு வாயைத் திறந்து திணிக்கலாகாது. மூச்சுக்கே வலிவற்ற உடல் செரிமானத்துக்கு எங்கே போகும்? மருத்துவர் சொல்லும்வரை பொறுத்திருத்தலே உணவு. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: தோலுரிக்கும் காலத்தில் நாசியில் பழந்தோல் ஒட்டிக்கொண்டு மெல்லிய சீழ்க்கை எழுவதுண்டு, அது தோல் நீங்கினால் நின்றுவிடும். வாய்திறந்த மூச்சும் குமிழும் சளியும் சேர்ந்தால் அது நோய்; நாள் கடத்தலாகாது.

மூன்றாவது பண்பு, ஊதியம் கருதாமல் மைத்திரியினால் பணிசெய்தல். நாய் வாலாட்டும், பசு நக்கும், பாம்பு எதுவும் செய்யாது. உங்கள் பெயரை அது அறியாது. நலமான பின்னரும் உங்களைக் கண்டு அஞ்சிச் சுருளலாம். ஆகையால் கைம்மாறு கருதாத மைத்திரியைப் பழகுவதற்குப் பாம்பினும் சிறந்த ஆசிரியர் அரிது. சாவத்தியில் பிக்கு ஒருவர் பாம்பு கடித்து இறந்தபோது, நான்கு நாகராசக் குலங்களின்பால் மைத்திரியைப் பரப்பும்படி பகவான் பிக்குகளுக்கு அருளினார். அவர் பாம்பை அடிக்கவும் சொல்லவில்லை, ஆராதிக்கவும் சொல்லவில்லை. நட்பாயிருக்கச் சொன்னார்.

நட்பு என்றால் மடமை அன்று. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் என்றும், ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 என்றும் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் நாட்டுப்புற மக்கள். நம்மைப்போல் வெறுங்காலுடன் வயலில் இறங்குவோர். ஆகையால் நஞ்சுள்ள பாம்புக்கு நோய் என்று கண்டாலும் அதைத் தொடுதல் நம் வேலையன்று; பயிற்சியுடையவரை அழைத்தலே வேலை. கடிபட்டவரை மந்திரிக்கக் கொண்டுபோகாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். அங்கே ஏற்றும் நச்சுமுறி மருந்தும் பாம்பு கொடுத்ததே. செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளை மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டிலேயே விடுகின்றனர். பிடிக்கவும் அறிந்தவர், பேணவும் அறிந்தவர், விடவும் அறிந்தவர் அவர்கள். அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றனர். ஏட்டுக்கல்வி குறைந்தோரிடத்தும் நிறைந்த அறிவு உண்டு என்பதற்கு அவர்களே சான்று.

நான்காவது பண்பு, கழிவும் சளியும் கண்டு அருவருக்காமை. நோயுற்ற பாம்பின் வாயில் நூல்போல் இழையும் சளியைத் துடைக்கவேண்டும். எச்சம் கண்டவுடன் நீக்கவேண்டும். நீர்க்கிண்ணத்தை நாள்தோறும் கழுவவேண்டும். அருவருக்காமை என்றால் தூய்மையை மறத்தல் அன்று. ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கலாம். ஆதலால் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவவேண்டும். அப்பாத்திரங்களைச் சமையலறையில் கழுவலாகாது. சிறு குழந்தைகளை அருகே விடலாகாது. பகவான் அந்தப் பிக்குவைக் கழுவினார் என்பதில் இரண்டு பாடங்கள் உள: ஒன்று, அவர் அருவருக்கவில்லை, மற்றொன்று, அவர் கழுவினார்.

ஐந்தாவது பண்பு, நோயாளிக்குக் காலமறிந்து தன்மம் உரைத்து மனம் தேற்றுதல். பாம்புக்கு எவ்வாறு தன்மம் உரைப்பது? அதற்குப் புறச்செவி இல்லை. நிலத்தின் அதிர்வை உடலால் உணர்கிறது. ஆகையால் அதற்கு உரைக்கும் தன்மம் அமைதியே. வானொலியும் தொலைக்காட்சியும் அதிராத மூலை. ஒளிந்துகொள்ள ஓர் இருட்டிடம். மருந்துக்கன்றித் தொடாத கை. வேடிக்கை காட்ட அண்டை வீட்டாரை அழையாத நாவு. இவை நான்கும் அதற்குத் தன்ம உபதேசம். தொட்டே ஆகவேண்டின் முறையாகத் தொடவேண்டும். பாம்பைத் தவறாகப் பிடித்தவன் கடிபடுவதுபோல், தன்மத்தைத் தவறாகப் பற்றியவனும் கேடுறுவான் என்று பகவான் உவமை காட்டினார். நடுவுடலைத் தாங்கி, கழுத்தை நெரிக்காமல், விரைவில் வேலையை முடித்து விட்டுவிடுதலே முறை.

வாங்காதிருத்தல்

இளைஞரிடம் இவ்வைந்தையும் கூறினேன். அவர் மறுநாளே பாம்பை மருத்துவரிடம் கொண்டுசென்றார். இதை எழுதும் நாளிலும் மருத்துவம் நடந்துகொண்டிருக்கிறது. பிழைக்குமா என்பதை யாரும் உறுதி கூறமுடியாது. பாம்பு தன் நோயை நெடுநாள் மறைத்துவைக்கும்; நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் முதிர்ந்திருக்கும். செவிலியின் கடமை பிழைக்கவைப்பது மட்டும் அன்று. துன்பத்தில் தனியே விடாமையும் ஆகும்.

ஆயினும் அவரிடம் இன்னொன்றும் கூறினேன். அதை உங்களுக்கும் கூறுகிறேன். உபாசகன் செய்யத்தகாத வாணிபங்கள் ஐந்தில் உயிர் வாணிபம் ஒன்று. விற்பவன் மட்டுமா அதில் பங்காளி? வாங்குவோன் இல்லையேல் விற்போன் இல்லை. ஓர் உயிரைப் பிறந்த நிலத்தினின்று பிரித்து, பெட்டியில் அடைத்து, கடல் கடத்தி, நம் வீட்டு மூலையில் அழகுக்கு வைத்தல் அதற்கு வாழ்வாகாது. அதன் இரைக்காக எலிகளும் சாகவேண்டியிருக்கிறது. சட்டமும் இப்பொழுது விழித்திருக்கிறது: பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர், வனவிலங்குச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தப்படியும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படியும் பரிவேஷ் இணைய வாயிலில் பதிவு செய்தல் வேண்டும். பதிவு செய்க, ஏற்கெனவே வீட்டில் இருப்பதை இறுதிவரை பேணுக, இன்னொன்றை வாங்காதிருக்க. வாங்கியபின் பேணாதிருத்தல் கொடுமை. பேணத் தெரியாமல் வாங்குதல் அக்கொடுமைக்கு முதற்படி.

இந்நெறி நமக்கு எங்கிருந்தோ வந்ததன்று. கர்னூல் மாவட்டத்து எர்ரகுடிப் பாறையில் அசோகச் சக்கரவர்த்தியின் சாசனங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்தம் இரண்டாம் பாறைச் சாசனம் இருவகை மருத்துவ ஏற்பாட்டைக் கூறுகிறது: ஒன்று மனிதர்க்கு, மற்றொன்று விலங்குகளுக்கு. மருந்து மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொணர்ந்து நடச்செய்த செய்தியும் அதில் இருக்கிறது. அவ்வேற்பாடு சென்ற நாடுகளின் பெயர்களில் சோழரும் பாண்டியரும் உளர். ஆகவே விலங்குக்கு மருத்துவம் என்னும் அறம் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்நாட்டின் பெயரைச் சொல்லிக் கல்லில் ஏறியது. நாம் புதிதாகத் தொடங்குவது ஒன்றுமில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம்.

நேயர்களே! முதலில் மனத்தில் இருத்தச் சொன்ன மூன்றையும் இப்பொழுது எடுத்துக்கொள்ளுங்கள். குளிர், ஈரம், வாடைக்காற்று. பகவானை வருத்த வந்த இம்மூன்றையும் ஒரு பாம்பு தன் உடலால் தடுத்தது. நம் வீட்டு மூலையில் வாய்திறந்து மூச்சுவிடும் பாம்பை வருத்துவனவும் இம்மூன்றே. முசலிந்தன் ஏழு நாள் செய்த தொண்டுக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பித் தரவேண்டிய காலம் ஒருவருக்கு வாய்க்குமாயின், அவர் அதைத் தண்டமென்று கருதலாமோ? பாலும் பூவும் கேட்காத கடன் அது. சற்று வெப்பம், சற்றுத் தூய்மை, காலத்தே மருத்துவர், கலையாத அமைதி. இவ்வளவே அதன் விலை.

வீட்டுக்குப் பாம்பு வராதவர்களும் இவ்வுரையைத் தமக்கன்று என்று விட்டுவிடவேண்டா. உங்கள் தெருவில் மூச்சு வாங்கியபடி மாடியேறும் முதியவர் இருப்பார். தூசியில் உழைத்து நெஞ்சு இறுகிய தொழிலாளி இருப்பார். கூரை ஒழுகும் குடிசையில் ஈரப்பாயில் இருமும் குழந்தை இருக்கும். குரலெடுத்துக் கேளாத அவர்களுக்கும் அவ்வைந்து பண்புகளையே கொண்டு செல்லுங்கள்.

ஊர்வன, பறப்பன, நடப்பன யாவும் அச்சமின்றி மூச்சு விடுக.

நமோ புத்தாய.